புதுக் காமிராவும் நம் ஹைதராபாத்தும்

ஹைதராபாத்தைப் பார்க்க வருவோர் சார்மினாரையும் கோல்கொண்டாவையும் கண்டுவிட்டு ஊர் திரும்புகின்றனர். இங்கேயே பிழைப்பை அமைத்துக்கொண்ட நமக்கு இது நம் குழந்தைகள் வளரும் ஊர். தமிழ்நாட்டிலிருந்து பாட்டியோ, மாமாவோ, சித்தியோ வந்தால் வழிகாட்டிகளாய் முன்னே நடப்பவர்கள் நாமே. அவ்வாறு நடக்கும்போது இப்பொழுதெல்லாம் நம் தோளில் ஒரு காமிராவும் தொங்குகிறது. நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் அது ‘மிர்ரர்லெஸ்’ என்னும் வகையைச் சேர்ந்ததாக இருக்கிறது.

அதன் விலை சிறிதன்று. மாதச் சம்பளக்காரர் பல மாதம் மிச்சம் பிடித்து வாங்கும் பொருள் அது. ஆகையால் படத்தில் ஒரு கோடு தெரிந்தாலும், ஒரு புள்ளி விழுந்தாலும், “கருவி கெட்டுவிட்டதோ?” என்று நெஞ்சு படபடக்கிறது. நான் ரயில்வேயில் ஒரு குமாஸ்தா. படக்கலையை முறையாகப் பயின்றவன் அல்லன். எனினும் விடுமுறை நாள்களில் காமிராவோடு இந்நகரைச் சுற்றி வருவதால், அன்பர்கள் சிலர் தங்கள் ஐயங்களை என்னிடம் கேட்பதுண்டு. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு விடை இவ்வூரின் வெயிலிலும், தூசியிலும், மின்விளக்கிலும், மழைக்கால ஈரத்திலுமே கிடைத்துவிடுகிறது. ஆதலால் கேள்விகளை வரிசைப்படுத்தி எழுதாமல், நகரை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டே விடை கூறுகிறேன். வாசகர்களும் உடன் வருக.

படம் பிடித்தலில் பழம்பெரும் ஊர்

படம் பிடிக்கும் கலைக்கு ஹைதராபாத் புதிய ஊர் அன்று. மீரட்டுக்கு அருகே சர்தனா என்னும் ஊரில் 1844-ஆம் ஆண்டு பிறந்த லாலா தீன் தயாள், ஆறாம் நிஜாமான மீர் மஹபூப் அலி கானின் அரசவைப் படக்கலைஞராக விளங்கினார். செகந்திராபாத்தில் அவருக்கு ஸ்டூடியோ இருந்தது. பர்தா அணியும் பெண்மணிகளுக்கென்றே 1892-இல் ஹைதராபாத்தில் தனியாக ஒரு ஸ்டூடியோவைத் திறந்து, அதன் பொறுப்பை ஓர் ஆங்கிலப் பெண்மணியிடம் ஒப்படைத்தார். நிஜாம் அவருக்கு ‘ராஜா’ என்னும் பட்டமும் வழங்கினார். 1905-இல் மறைந்த அவரைப் பற்றிப் பின்னர் இன்னும் ஒரு செய்தி சொல்வேன்.

அவர் காலத்தில் ஒரு படத்துக்கு ஒரு கண்ணாடித் தகடு வேண்டும். பின்னர்ப் பிலிம் வந்தது. அதன் பின் பிலிமுக்குப் பதிலாகச் சென்சார் என்னும் ஒளி உணரும் தகடு வந்தது. லென்ஸ் வழியே வரும் ஒளியை ஒரு சாய்ந்த கண்ணாடி மேலே திருப்பி, நம் கண்ணுக்குக் காட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கண்ணாடியையே எடுத்துவிட்டு, சென்சார் காணும் காட்சியை ஒரு சிறு திரையில் நேராகக் காட்டுவதே மிர்ரர்லெஸ் காமிரா. லென்ஸை மாற்றிக்கொள்ளக்கூடிய இவ்வகைக் காமிராவைப் பானசோனிக் நிறுவனம் 2008-இல் வெளியிட்டது. மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. கண்ணாடி போனதால் கருவி இளைத்தது, எடை குறைந்தது. ஆனால் சென்சாரும் திரையும் ஓயாமல் விழித்திருக்க வேண்டியதாயிற்று. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி ஐயங்கள் தாமே தெளியும்.

கோல்கொண்டாவில்

முதலில் கோல்கொண்டாவுக்குச் செல்வோம். 1687-இல் ஔரங்கசீப்பின் படை கைப்பற்றிய கோட்டை இது. கீழே ஃபதே தர்வாஜா வாயிலில் கை தட்டினால் மேலே பாலா ஹிஸாரில் கேட்கும் என்பதைச் சோதித்துப் பார்க்காத குழந்தை இல்லை. சுமார் 400 அடி உயரமுள்ள குன்றின்மேல் படியேறிச் செல்ல வேண்டும். பாதி வழியிலேயே, “பாட்டரி தீர்ந்துவிட்டது; புதுக் காமிரா இப்படியா?” என்னும் குரல் எழும்.

அது பழுதன்று. சென்சாரும் திரையும் ஓயாது மின்சாரத்தை உண்பதால், பல மாதிரிகளில் ஒரு மின்னேற்றத்துக்கு 300, 400 படங்களே கிடைக்கும். படம் எடுக்காதபோது சுவிட்சை அணைத்துவிடுங்கள். சில விநாடிகளில் தானே உறங்கும்படியும் அமைத்து வையுங்கள். இன்னொரு பாட்டரியைச் சட்டைப்பையில் வைத்திருப்பது நலம். மலிவாகக் கிடைக்கும் போலிப் பாட்டரி வீங்கி உள்ளேயே சிக்கிக்கொள்ளக்கூடும்; அதை வாங்காதீர்கள்.

சித்திரை, வைகாசி மாதங்களில் ஹைதராபாத் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதுண்டு. பெரும்பாலான காமிராக்கள் 40 டிகிரி வரை பயன்படுத்துவதற்கென்றே அமைக்கப்பட்டவை. வெயிலில் நெடுநேரம் வீடியோ எடுத்தால் எச்சரிக்கைக் குறி காட்டிக் கருவி தானே நின்றுவிடும். அது தன்னைக் காத்துக்கொள்கிறது என்று கொள்க. அணைத்து, நிழலில் வைத்து, பாட்டரி மூடியையும் சற்றுத் திறந்து வைத்தால் ஆறிவிடும். குளிர்ந்த நீர்ப் புட்டியை அதன்மேல் வைக்க வேண்டாம். உள்ளே நீர் வியர்க்கும்.

கோட்டையின் உச்சியில் காற்று பலமாக வீசும். அங்கே நின்று லென்ஸை மாற்றினால் புழுதி நேராகச் சென்சாரின்மேல் போய் அமரும். தடுக்க அங்கே கண்ணாடி இல்லை. பிற்பாடு எடுக்கும் படங்களில் வானத்தில் ஒரே இடத்தில் சாம்பல் நிறப் புள்ளி தோன்றும். சோதிப்பது எளிது. லென்ஸ் துவாரத்தை எஃப் 16 அளவுக்குச் சுருக்கி, வெறும் வானத்தைப் படமெடுங்கள். எந்த லென்ஸைப் போட்டாலும் புள்ளி அதே இடத்தில் இருந்தால் தூசி சென்சாரில் உள்ளது. லென்ஸை மாற்றியதும் மறைந்தால் அது லென்ஸைச் சேர்ந்தது. சென்சார்த் தூசிக்கு முதலில் காமிராவிலேயே உள்ள சுத்தம் செய்யும் வசதியை இயக்குங்கள். பிறகு காமிராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, ரப்பர்க் காற்றுக்குமிழால் ஊதுங்கள். வாயால் ஊதலாகாது, எச்சில் துளி தெறித்தால் தூசியினும் பெரிய தொல்லை. அதற்கும் அசையாவிடில், தேர்ந்தவரிடம் கொடுப்பதே முறை.

குதுப்ஷாஹி கல்லறைகளில்

கோட்டைக்கு அருகிலேயே குதுப்ஷாஹி மன்னர்களின் கல்லறைகள் உள்ளன. பெரிய குவிமாடங்களின் கீழே குளிர்ச்சியும் அரையிருளும் நிறைந்திருக்கும். இங்கே எடுத்த படத்தைப் பார்த்துத்தான், “படம் ஏன் கலங்குகிறது?” என்று கேட்கின்றனர்.

கலக்கம் மூன்று வகைப்படும். படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை அசைந்திருக்கிறது. சுவர் தெளிவாகவும் குழந்தை மட்டும் கலங்கியும் இருந்தால் குழந்தை அசைந்திருக்கிறது. குழந்தை கலங்கி, அதன் பின்னாலுள்ள தூண் தெளிந்திருந்தால் குவியம் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. கை அசைவைக் காமிராவினுள் இருக்கும் நிலைப்படுத்தும் அமைப்பு ஓரளவு சரிசெய்யும். ஓடும் குழந்தையை எந்த அமைப்பும் நிறுத்தாது. ஷட்டர் வேகத்தைக் கூட்டுவதே வழி. அதற்காக ஐஎஸ்ஓ எண்ணை உயர்த்தினால் படத்தில் மணல் தூவியது போன்ற பொடிப்பு தெரியும். பொடிப்புள்ள தெளிவான முகம், பொடிப்பில்லாத கலங்கிய முகத்தைவிட மேலானது. இருளில் குவியம் பிடிபடாமல் லென்ஸ் முன்னும் பின்னும் தேடினால், வேட்டியின் கரை, மூக்குக்கண்ணாடியின் விளிம்பு போன்று ஒளியும் இருளும் சந்திக்கும் இடத்தை நோக்குங்கள்; உடனே பிடித்துக்கொள்ளும்.

இன்னொரு கேள்வி கூட்டுக் குடும்பங்களில் எழுவது. “கண் வைத்துப் பார்த்தால் மங்கல், எடுத்த படமோ தெளிவு, இதென்ன விந்தை?” வியூஃபைண்டரின் அருகில் ஒரு சிறு திருகு உண்டு. மூக்குக்கண்ணாடி இல்லாமலே பார்ப்பதற்காக அவரவர் பார்வைக்கு ஏற்பத் திருப்பிக்கொள்வது அது. தாத்தா தமக்கேற்பத் திருப்பியதைப் பேரன் பார்த்தால் மங்கலாகத்தானே தோன்றும்! திருகைத் திருப்பினால் காரியம் முடிந்தது. சிறு திரை அறவே கறுத்துவிட்டால், வியூஃபைண்டரின் பக்கத்திலுள்ள கண் உணரியை விரலோ, பையின் வாரோ, வியர்வையோ மறைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

சார்மினாரின் விளக்கொளியில்

1591-இல் முகம்மது குலி குதுப் ஷா எழுப்பிய சார்மினாரை அந்தி வேளையில் காண்பதே அழகு. அடியிலிருந்து தொடங்கும் லாட் பஜாரில் அரக்கு வளையல் கடைகள் விளக்கொளியில் மின்னும். பெண்கள் வளையல் தேர்ந்தெடுக்கும் காட்சியை எடுத்தால், படத்தின் குறுக்கே வரிவரியாகக் கரிய பட்டைகள்! சென்சார் போய்விட்டதென்று பலரும் அஞ்சுவது இவ்விடத்தில்தான்.

நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி கொண்டது. அதனால் சில விளக்குகள் விநாடிக்கு 100 முறை மங்கி மங்கி ஒளிர்கின்றன. நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை. ஒலியில்லாமல் படமெடுக்கும் எலக்ட்ரானிக் ஷட்டரைப் பயன்படுத்தும்போது சென்சார் காட்சியை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. விளக்கு மங்கிய நேரத்தில் படித்த வரி கறுப்பாகிறது. மெக்கானிகல் ஷட்டருக்கு மாறி, வேகத்தை விநாடியில் 50-இல் ஒரு பங்காகவோ 100-இல் ஒரு பங்காகவோ வைத்தால் பட்டைகள் பெரும்பாலும் மறையும். விளக்கின் துடிப்பைத் தவிர்க்கும் வசதி உங்கள் காமிராவில் இருந்தால் அதையும் இயக்குங்கள்.

ஓடும் ரயிலிலிருந்து எடுத்த படத்தில் மின்கம்பங்கள் சாய்ந்து நிற்பதற்கும் இதே வரிவரியான படிப்புத்தான் காரணம். கம்பமும் நேர்; காமிராவும் பழுதற்றது.

சாலார் ஜங் காட்சிச்சாலையில்

மூசி நதியின் தென்கரையிலுள்ள சாலார் ஜங் காட்சிச்சாலைக்குள் நுழையும் முன், காமிரா விதிகளை வாயிலிலேயே கேட்டறிந்துகொள்க. அனுமதி உள்ள இடத்திலும் ஃபிளாஷ் விளக்கைப் பயன்படுத்தலாகாது.

இத்தாலியச் சிற்பி பென்சோனி வடித்த ‘முகத்திரையணிந்த ரெபெக்கா’ என்னும் வெண்பளிங்குச் சிலையை அறியாதார் இலர். கல்லிலே மெல்லிய துகில் தெரியும் அற்புதம் அது. வெண்மை நிறைந்த இத்தகைய காட்சியைக் காமிரா தன் போக்கில் எடுத்தால் சாம்பல் நிறமாக்கிவிடும். அளவுக்கு மீறிய வெளிச்சம் என்று கருதி, அது ஒளியைக் குறைத்துவிடுவதே காரணம். கூட்டல் கழித்தல் குறியிட்ட பொத்தானைக் கூட்டல் பக்கம் ஒரு படி நகர்த்தினால் வெண்மை வெண்மையாகும். நம் வீட்டுப் பெரியவர்கள் வெள்ளை வேட்டி சட்டையில் அமர்ந்திருக்கும் படம் மங்கலாக வருவதும் இதனாலேயே. கரிய சுவரின் முன் நின்றவர் முகம் வெளிறினால் கழித்தல் பக்கம் நகர்த்துங்கள்.

ஹுசைன் சாகர் கரையில்

மாலையில் டாங்க் பண்டில் நின்று மேற்கே நோக்கினால், ஏரி நடுவே ஒரே கல்லாலான புத்தர் நிற்கிறார். 1990-இல் ஏற்றி வந்த படகு சாய்ந்து பத்துப் பேர் உயிர் நீத்ததும், நீரில் மூழ்கிய சிலையை 1992-இல் மீட்டு நிறுத்தியதும் இவ்வூர் மறவாத வரலாறு. சூரியன் அவருக்குப் பின்னே இறங்குவதால் சிலை கறுப்பு நிழலாக வரும். அதுவும் ஓர் அழகே. ஆயினும் ஓர் எச்சரிக்கை. உச்சி வெயிலில் லென்ஸை மூடாமல் சூரியனை நோக்கிக் காமிராவை மேசைமேல் வைக்காதீர்கள். பூதக்கண்ணாடி காகிதத்தை எரிப்பது போல லென்ஸ் உள்ளுறுப்பைப் பொசுக்கிவிடும். வியூஃபைண்டர் வழியாக வெயில் பாய்ந்தால் உள்ளிருக்கும் சிறு திரையும் கருகும். இவ்விரண்டும் மெய்யான பழுதுகள், செலவும் பெரிது.

ஆனி பிறந்தால் மழைக்காலம். லென்ஸினுள் சிலந்தி வலை போலப் பூஞ்சணம் படர்வது இக்காலத்தில்தான். விலையுயர்ந்த பொருள் என்று தோலுறையில் இட்டு, பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு நடுவே அந்துருண்டையோடு வைத்துப் பூட்டுவது நம் இல்லங்களின் வழக்கம். தோல் ஈரத்தை இழுத்து வைக்கும். அந்துருண்டையின் ஆவியும் காமிராவுக்கு ஆகாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, வாரத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துச் சில படங்களாவது எடுங்கள். அரிசியில் புதைக்காதீர்கள், தவிட்டுத் தூள் உள்ளே போகும்.

குளிரூட்டிய ரயில் பெட்டியில் சென்னை சென்று இறங்கியவுடன், வரவேற்க வந்த அத்தையைப் படமெடுக்கக் காமிராவை எடுத்தால் லென்ஸ் முழுதும் பனி படர்ந்திருக்கும். இறங்குவதற்கு முன்பே பையை நன்றாக மூடிவிட்டு, இறங்கிய பின் அரைமணி நேரம் திறக்காதிருந்தால் இத்தொல்லை வராது. ரயில்வேக்காரன் என்ற முறையில் மேலும் ஒன்று சொல்ல வேண்டும். தண்டவாளத்தில் நின்று படமெடுத்துக்கொள்வது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி குற்றம். மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் பாய்கிறது. நடைபாலத்தில் நின்று உலோக முக்காலியையோ நீண்ட கோலையோ அதன் பக்கம் நீட்டுவது உயிருக்கு ஆபத்து. 1916-இல் கட்டிய காச்சிகுடா நிலையத்தின் எழிலை முன்புறத்துச் சாலையிலிருந்தே தாராளமாக எடுக்கலாம்.

கடைக்குச் செல்லும் முன்

கோட்டி, ஆபிட்ஸ் பகுதிகளில் காமிராக் கடைகளும் பழுது பார்ப்போரும் உளர். அங்கே போவதற்கு முன் வீட்டிலேயே நான்கு சோதனைகள் செய்யுங்கள். பாட்டரியைக் கழற்றிச் சற்று நேரம் கழித்து மாட்டுங்கள். லென்ஸும் காமிராவும் தொட்டுக்கொள்ளும் பித்தளை நிறப் புள்ளிகளை உலர்ந்த மென்துணியால் துடையுங்கள். வேறு லென்ஸும் வேறு மெமரி கார்டும் போட்டுப் பாருங்கள். இறுதியாக, அமைப்புகள் அனைத்தையும் ஆரம்ப நிலைக்குத் திருப்புங்கள். ‘கார்டில் எழுத இயலவில்லை’ என்று வந்தால், கார்டின் பக்கவாட்டிலுள்ள சிறு பூட்டு இறங்கியிருக்கிறதா என்று நோக்குக. தந்தையாரின் பழைய பிலிம் காமிரா லென்ஸை இணைப்பு வளையம் வைத்து மாட்டும்போது ஷட்டர் இயங்க மறுத்தால், ‘லென்ஸ் இன்றியும் இயங்கு’ என்னும் அமைப்பை அனுமதிக்க வேண்டும். பெட்டியில் உறங்கிய அந்த லென்ஸ் மீண்டும் படம் தரும்.

இவ்வளவும் செய்து பயனில்லையெனில் பழுது மெய்யே. ரசீதையும் உத்தரவாத அட்டையையும் எடுத்துக்கொண்டு செல்லுங்கள். காமிராவின் வரிசை எண்ணைக் குறித்த ஒப்புகைச் சீட்டையும், உத்தேசச் செலவையும் எழுத்தில் பெற்ற பின்னரே ஒப்படையுங்கள். கார்டை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

படங்கள் எங்கே?

காமிரா கெட்டால் திருத்தலாம், வேறு வாங்கலாம். கார்டு கெட்டால்? எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், பாட்டியம்மை கடைசி முறையாக ஹைதராபாத்துக்கு வந்தபோது எடுத்த படங்கள் எல்லாம் ஒரே கார்டில் இருந்தன. வேறெங்கும் எடுத்து வைக்கவில்லை. அவர் மறைந்த பின் படத்துக்கு மாலையிட ஒரு படம் வேண்டித் தேடியபோது, கார்டு வாய் திறக்க மறுத்துவிட்டது. ஊரிலிருந்த பழைய ரேஷன் கார்டுப் படத்தைப் பெரிதாக்கி மாட்டினார்கள். அந்த வீட்டுக்குச் செல்லும்போதெல்லாம் அச்சிறு மங்கல் படம் என் மனத்தை உறுத்துகிறது.

தவறுதலாகப் படங்களை அழித்துவிட்டால் அந்தக் கார்டில் மேலும் ஒரு படம்கூட எடுக்காதீர்கள். மீட்கும் மென்பொருளால் பெரும்பாலும் மீட்கலாம். புதுப் படம் மேலே பதிந்துவிட்டால் பழையது திரும்பாது. சிவப்பு விளக்கு மின்னும்போது கார்டை உருவாதீர்கள். வீடு திரும்பிய அன்றே இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள். ஒரு பிரதி வேறொரு வீட்டில், ஊரிலுள்ள அண்ணனிடமோ தங்கையிடமோ இருக்கட்டும். அந்த இரண்டையும் திறந்து பார்த்து உறுதி செய்த பின்னரே கார்டைக் காமிராவிலேயே ‘ஃபார்மட்’ செய்யுங்கள். ஆண்டுக்குப் பத்துப் படங்களையாவது காகிதத்தில் அச்சிட்டு, பின்புறம் பென்சிலால் பெயரும் ஊரும் நாளும் எழுதி வையுங்கள்.

முன்னே சொல்வதாகக் கூறிய செய்தி இதுதான். தீன் தயாளின் கண்ணாடித் தகடுகளில் 2,857-ஐப் புதுதில்லியிலுள்ள இந்திரா காந்தி தேசியக் கலை மையம் 1989-இல் பெற்றுப் பாதுகாத்து வருகிறது. கைதவறினால் உடையும் கண்ணாடி, நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்திருக்கிறது. ஒருவர் மாற்றி ஒருவர் அவற்றைப் பேணி வைத்ததனாலன்றோ நிஜாம் காலத்து ஹைதராபாத்தை நாம் இன்று காண்கிறோம்?

இவ்வூரில் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்ததற்கும் படங்களே சான்றாகும். பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரியில் காவடி பார்க்கக் கோயில் வாசலில் நின்ற நம் பெற்றோர், மாரேட்பள்ளி வீட்டு முற்றத்தில் கோலமிட்ட நம் பெண்கள், போனாலு ஊர்வலத்தை வியந்து நோக்கிய நம் பிள்ளைகள் ஆகியோரின் படங்களை எந்த அரசவைக் கலைஞரும் எடுத்து வைக்கப் போவதில்லை. அது நம் கையிலுள்ள காமிராவின் வேலை. வரும் ஞாயிறன்று அலமாரியிலுள்ள கார்டுகளை எல்லாம் வெளியே எடுங்கள். பிள்ளைகளை உடன் அமர்த்திக்கொண்டு முதல் பிரதியை எடுத்து முடியுங்கள்.